குடாநாட்டுக்கும் இன்சுலினுக்கும் என்ன சொந்தம்?

போன மாதம் வயரிங் வேலைக்கு வந்த தம்பி, எங்கள் விறாந்தையில் கறுப்பு இன்சுலேஷன் ரேப் ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த விறாந்தையில்தான் பின்னேரங்களில் அயலட்டைப் பிள்ளைகள் என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்து இருப்பார்கள். அன்றைக்குத் தரம் பத்தில் படிக்கும் ஒரு பிள்ளை தேசப்படப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். எங்கள் ஊருக்கு மேலே 'ஜஃப்னா பெனின்சுலா' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அம்மாவுக்கு ஊசி போடும் நேரம். நான் ஃபிரிட்ஜைத் திறந்து இன்சுலின் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தேன். பிள்ளை பெட்டியைப் பார்த்தாள், ரேப்பைப் பார்த்தாள், மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"ரீச்சர், மூண்டிலயும் ஐ, என், எஸ், யூ, எல் எண்டு அதே அஞ்சு எழுத்தும் வரிசையா நிக்குது. இது சும்மா வந்ததோ, இல்லாட்டி ஏதும் சொந்தமோ?"

சொந்தம்தான். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ரோமர் பேசிய இலத்தீன் மொழியில் 'இன்சுலா' என்றால் தீவு. பெனின்சுலாவின் தலையில் இருக்கும் 'பென்', அதே மொழியில் 'கிட்டத்தட்ட' என்ற கருத்துள்ள சொல்லில் இருந்து வந்தது. ஆக, பெனின்சுலா என்றால் கிட்டத்தட்டத் தீவு. படத்தைப் பார்த்தாலே விளங்கும்: சுற்றிவரக் கடலும் களப்பும், தென்கிழக்கில் ஆனையிறவு, சுண்டிக்குளம் பக்கமாக மட்டும் வன்னி நிலத்தோடு ஒரு தொடுப்பு. அந்தத் தொடுப்பும் இல்லாவிட்டால் நாங்களும் நெடுந்தீவுக்காரர் போலத் தீவார்தான்.

இனி அந்த ரேப். மின்கம்பியைச் சுற்றி அதை ஒட்டும்போது என்ன செய்கிறோம்? மின்சாரம் வேறெதிலும் பாயாதபடி கம்பியைத் தனியாக்கி விடுகிறோம். தீவைக் கடல் சூழ்ந்திருப்பதுபோலக் கம்பியை ரேப் சூழ்ந்திருக்கிறது. தீவாக்குதல்தான் இன்சுலேஷன். இன்சுலினின் கதை இன்னும் வடிவானது. 1869இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் கணையத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, நடுநடுவே வேறு விதமான கலங்கள் கும்பல் கும்பலாக இருப்பதைக் கண்டார். கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகள் போல அவை தெரிந்ததால், பின்னால் வந்தவர்கள் அவற்றுக்கு அவர் பெயரோடு தீவையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இலங்கர்கான் சிறுதீவுகள் என்ற பெயர் நினைவிருக்கும். அந்தத் தீவுகளில் சுரப்பது இன்சுலின். 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் அதைப் பிரித்தெடுத்த பிறகு அது மருந்தாகி, இன்றைக்கு எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் வரைக்கும் வந்திருக்கிறது.

பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப நெடுந்தீவும் ஆச்சியின்ர ஊசியும் ஒண்டு" என்றாள்.

ஆங்கிலச் சொற்களைப் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கொப்பியின் நடுவே ஒரு கோடு கீறி, இடப்பக்கம் சொல்லும் வலப்பக்கம் கருத்துமாக எழுதிப் பாடமாக்குவார்கள். இருபது சொல் என்றால் இருபது தனித்தனிப் பாரம். நான் சொல்ல வருவது வேறு வழி. பல சொற்களில் ஒரே எழுத்துக் கூட்டம் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், அநேகமாக அது அந்தச் சொற்களின் குடும்ப அடையாளம். அந்த ஒரு கூட்டத்தின் கருத்தைத் தெரிந்துகொண்டால், அந்தக் குடும்பத்தில் முன்பின் கண்டிராத சொல் வந்தாலும் அரைவாசி விளங்கிவிடும். தமிழில் இதை நாங்கள் யோசிக்காமலே செய்கிறோம். மின்னல், மின்மினி, மினுக்கம், மினுங்குதல், மின்சாரம் எல்லாவற்றிலும் 'மின்' கிடக்கிறது. அதில் ஒரு சொல்லைப் புதிதாகக் கேட்கும் சின்னப் பிள்ளையும் இது ஏதோ வெளிச்ச விஷயம் என்று பிடித்துவிடும்.

வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் எழுத்துக் கூட்டம் கண்ணில் படும். எங்கள் வழக்கப்படி ஆங்கிலத்தின் நாலாம் எழுத்தை டி என்றும் இருபதாம் எழுத்தை ரி என்றும் எழுதுகிறேன். பி என்று வருவது இரண்டு எழுத்துக்கும் பொது என்பதால், பென்சிலின் பி, பஸ்ஸின் பி என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வீட்டுக்குள்ளேயே கிடக்கிற சாமான்கள். யாழ்ப்பாணத்தை 1619இல் போர்த்துக்கேயர் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். ஆளுக்கொரு பிடி சொல்லை எங்கள் வீடுகளில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இதில் வாசியான விஷயம், அந்தப் பழைய சொற்கள் பலவும் ஆங்கிலச் சொற்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள். நாங்கள் இருக்கும் கதிரை போர்த்துக்கேயரின் 'கதெய்ரா'. அதன் தாய் இலத்தீன் 'கதீட்ரா', அதாவது இருக்கை. அதே தாய்க்குப் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது 'செயார்'. எழுத்து மாறாமல் நின்ற இன்னொரு பிள்ளை 'கதீட்ரல்'. ஆயரின் கதிரை எந்தக் கோயிலில் இருக்கிறதோ அது கதீட்ரல். குருநகரில் எல்லோரும் பெரியகோயில் என்று சொல்லும் மரியன்னை பேராலயத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்தால், சி-ஏ-ரி-எச்-ஈ-டி-ஆர் என்று உங்கள் வீட்டுக் கதிரை அதற்குள்ளே இருக்கும்.

கந்தோரும் அப்படித்தான். ஒல்லாந்தரின் 'கன்ரோர்' கணக்குப் பார்க்கும் இடம். அதன் மூலம் எண்ணுதல், கணக்கிடுதல் என்ற கருத்துள்ள இலத்தீன் 'கொம்புத்தாரே'. ஆங்கிலத்தில் அந்தச் சொல் தேய்ந்து 'கவுண்ட்' ஆகி, பிறகு கவுண்டர், அக்கவுண்ட், டிஸ்கவுண்ட் என்று பெருகியது. தேயாமல் எழுத்தை அப்படியே வைத்திருந்த பிள்ளை கொம்பியூட்டர். கந்தோரில் கொம்பியூட்டர் இருக்கிறது என்று சொல்லும்போது ஒரே வேரை இரண்டு தரம் சொல்கிறோம். அலுமாரி, போர்த்துக்கேயத்தில் 'அர்மாரியோ', முதலில் ஆயுதமும் கருவியும் வைக்கும் பெட்டி. ஏ-ஆர்-எம் என்ற அதே எழுத்துகள் ஆங்கிலத்தில் ஆயுதம், கவசம், படை என்ற சொற்களுக்கெல்லாம் தலையில் நிற்கின்றன.

சரி, பாடப்புத்தகச் சொற்களுக்கு வருவோம். சின்ன வகுப்பில் சொல்வதெழுதல் எழுதாதவர் இல்லை. ஆங்கிலத்தில் அது டிக்டேஷன். டி-ஐ-சி-ரி என்றால் சொல்லுதல். சொற்கள் இருக்கும் புத்தகம் டிக்ஷனரி. நடக்க முன்னமே சொன்னால் பிறெடிக்ட். எதிர்த்துச் சொன்னால் கொன்ட்ராடிக்ட். நீதிமன்றத்தில் முடிவாகச் சொல்லும் உண்மை வெர்டிக்ட். முன்னால் ஒட்டுகிற துண்டு மாற மாற, சொல்லும் விதம் மாறுகிறது. எஸ்-பி-ஈ-சி-ரி (பென்சிலின் பி) என்றால் பார்த்தல்: உள்ளே இறங்கிப் பார்க்க வருகிறவர் இன்ஸ்பெக்டர், விளையாட்டைப் பார்க்கிறவர் ஸ்பெக்டேட்டர். மரியாதை என்று நாங்கள் எழுதி வைக்கும் 'றெஸ்பெக்ட்' உண்மையில் திரும்பிப் பார்த்தல். ஒருவர் வீதியால் போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்க்க வைக்கிறாரே, அது.

'ரெலி' எல்லோருக்கும் தெரிந்த கிரேக்கச் சொல், தூரம் என்று கருத்து. ஆனால் இதில் தமிழ் செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். ரெலிபோன் தொலைபேசி, ரெலிவிஷன் தொலைக்காட்சி, ரெலிஸ்கோப் தொலைநோக்கி. மொழிபெயர்த்தவர்கள் ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தமிழைக் கொடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்கு வயது அதிகம். 1847இல் அமெரிக்காவில் இருந்து வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். கிரேக்கமும் இலத்தீனும் மண்டிக் கிடக்கும் மருத்துவச் சொற்களை வேர் தெரியாமல் தமிழாக்க ஏலாது.

உங்களுக்கும் அந்த வேர்கள் நாளாந்தம் உதவும். கிளினிக் கொப்பியில் ஐ-ரி-ஐ-எஸ் என்று முடியும் சொல்லைக் கண்டால் அது அழற்சி, ஏதோ ஓர் உறுப்பு வீங்கிச் சிவந்து நோகிறது. முன்பாதி எந்த உறுப்பு என்று சொல்லும். ஆர்த்றைற்றிஸ் மூட்டு, ஹெப்பற்றைற்றிஸ் ஈரல், காஸ்ற்றைற்றிஸ் இரைப்பை, டேர்மற்றைற்றிஸ் தோல். ஈ-சி-ரி-ஓ-எம்-வை என்று முடிந்தால் வெட்டி எடுத்தல். எனவே 'அப்பென்டிசைற்றிஸ்' என்று எழுதிய கொப்பியில் பிறகு 'அப்பென்டெக்டமி' என்று வந்திருந்தால், என்ன நடந்தது என்று ஒருவரையும் கேட்காமலே சொல்லிவிடலாம்.

இனி எச்சரிக்கைப் பகுதி. அவசரப்பட்டால் இங்கேதான் வழுக்கும். எழுத்து ஒன்றாக இருப்பதால் மட்டும் சொந்தம் வந்துவிடாது. எங்கள் ஊரில் ஒரே பெயர் வைத்த இரண்டு பேர் ஒரே குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லையே.

பென்சிலின் பி, ஈ, என் என்ற மூன்று எழுத்தையும் எடுத்துப் பாருங்கள். மேசையில் பேனையும் பென்சிலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தொடக்கம் ஒன்று. யாரும் சகோதரங்கள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் 'பென்' வந்தது இலத்தீனின் 'பென்னா'வில் இருந்து, இறகு என்று கருத்து. ஒரு காலம் இறகை மையில் தோய்த்துத்தான் எழுதினார்கள். எங்கள் பேனையும் போர்த்துக்கேயர் வழியாக அந்த இறகில் இருந்து வந்ததுதான். பென்சில் வேறு வீடு. அதன் மூலம் 'பெனிசில்லுஸ்', சின்னத் தூரிகை. அப்படியானால் பென்சிலுக்கு உண்மையான உறவு யார்? பெனிசிலின்! 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ட அந்த மருந்தைத் தரும் பூஞ்சணம், நுணுக்குக்காட்டியில் தூரிகை மாதிரி விரிந்து தெரியும். அதனால் அதற்கு அந்தப் பெயர். பென்சிலும் பெனிசிலினும் உடன்பிறப்பு, பேனை அயல்வீடு. பெனின்சுலாவின் பென்னோ இரண்டு வீட்டையும் சேராதது. அது முன்னமே சொன்ன 'கிட்டத்தட்ட'. கிரகணப் பாடத்தில் வரும் அரைநிழலின் பெயர் 'பெனம்பிறா', கிட்டத்தட்ட நிழல். அதன் மிச்சப் பாதியான 'அம்பிறா', நிழல், குடையின் ஆங்கிலப் பெயருக்குள் போய் இருக்கிறது. எழுதிப் பாருங்கள், யூ-எம்-பி-ஆர் தெரியும், பஸ்ஸின் பி.

இன்னொன்று, பிழைத்தால் ஆபத்தானது. ஐ-என் என்று தொடங்கும் சொற்கள் பலவற்றில் 'இன்' என்றால் இல்லை என்று பிள்ளைகள் படித்திருப்பார்கள். கொறெக்ட் சரி, இன்கொறெக்ட் பிழை. அது உண்மை. ஆனால் இலத்தீனில் 'உள்ளே' என்ற கருத்துள்ள இன்னொரு 'இன்' இருக்கிறது. பெற்றோல் பவுசரின் பின்னால் 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருந்தால், தீப்பிடிக்காது என்று நினைத்து நெருப்புப்பெட்டியை எடுத்துவிடக் கூடாது. அது உள்ளே தீ மூளக்கூடியது, டக்கென்று பற்றிக்கொள்ளும்.

அப்ப சொந்தமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்தோடு கருத்தும் கூடவே வர வேண்டும். இன்சுலேஷனிலும் இன்சுலினிலும் தீவு வந்தது. பேனையில் தூரிகை வரவில்லை. சந்தேகம் என்றால் பெரிய ஆங்கில அகராதியைத் திறவுங்கள். பலவற்றில் சொல்லின் விளக்கத்துக்கு முன்னோ பின்னோ அது எந்த மொழியில் இருந்து வந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் பக்கத்திலேயே மிகவும் பிடித்த வரி அதுதான்.

அந்தப் பிள்ளை ஒரு நாள் கோபமாகவே கேட்டாள்: "ரீச்சர், சைன் எண்ட சொல்லில ஜி என்னத்துக்கு? வாயில வராத எழுத்தை எழுதி என்ன பிரயோசனம்?"

நியாயமான கோபம். நான் இரண்டு சொல்லை எழுதிக் காட்டினேன்: சிக்னல், சிக்னேச்சர். இப்போது ஜி-யின் சத்தம் கேட்கிறது. சைன் அடையாளம், சிக்னல் அடையாளம் காட்டுதல், சிக்னேச்சர் ஆளின் அடையாளமான கையெழுத்து. வாய் விட்டுவிட்ட எழுத்தை எழுத்துக்கூட்டல் விடவில்லை. விட்டிருந்தால் சைனும் சிக்னலும் சொந்தம் என்று கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். வேலையை விடுகிற 'றிசைன்', 'றெசிக்னேஷன்' கடிதமாகும்போது ஜி வாய் திறக்கும். தசை என்ற 'மசில்' சொல்லில் பேசாத சி, 'மஸ்குலர்' என்றதும் பேசும். மசில் என்பதற்குச் சின்ன எலி என்று மூலக்கருத்து. கையை மடித்து இறுக்கிப் பாருங்கள், தோலுக்குக் கீழே எலி ஒன்று ஓடி ஒளிவது போலத்தான் இருக்கும்.

சில இடத்தில் சொந்தத்தைக் காட்டுவதற்கென்றே எழுத்தைக் கொண்டுவந்து செருகியும் இருக்கிறார்கள். கடன் என்ற 'டெட்', சந்தேகம் என்ற 'டவுட்' இரண்டும் பிரெஞ்சில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அவற்றில் பஸ்ஸின் பி இருக்கவில்லை. இலத்தீன் படித்த அறிஞர்கள், மூலச்சொல்லில் இருந்த எழுத்து காணாமல் போகலாமா என்று திரும்பவும் போட்டார்கள். வங்கிப் புத்தகத்தில் 'டெபிட்' என்று வருமே, அது டெட்டின் சகோதரம். அதில் பி நன்றாகக் கேட்கும். பற்றுச்சீட்டு என்ற 'றிசீட்' சொல்லில் பேசாமல் நிற்கும் பென்சிலின் பியும் இப்படித் திரும்பி வந்ததுதான். 'றிசெப்ஷன்' மேசைக்குப் போனால் அதன் குரலைக் கேட்கலாம்.

ஆனால் அறிஞர்களும் பிழை விட்டார்கள். தீவு என்ற 'ஐலண்ட்' சொல்லில் ஒரு எஸ் பேசாமல் நிற்கிறது, தெரியுமா? அந்தச் சொல் பழைய ஆங்கிலச் சொல், இலத்தீனோடு தொடர்பே இல்லை, எஸ் இருந்ததும் இல்லை. இன்சுலாவின் உண்மையான பிள்ளை 'ஐல்' என்ற இன்னொரு சொல். கருத்தும் ஒன்று, சத்தமும் கிட்டக்கிட்ட இருக்க, இரண்டும் ஒன்று என்று நினைத்து ஐலின் எஸ்-ஐ ஐலண்டுக்கும் போட்டுவிட்டார்கள். இன்சுலினுக்கும் இன்சுலேஷனுக்கும் தீவோடு இரத்த உறவு. தீவு என்றே கருத்துள்ள ஐலண்டுக்கு அந்த உறவு இல்லை. இதைச் சொன்னபோது பிள்ளை அந்த எஸ்-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கூப்பிடாமல் வந்த ஆள் என்று கொப்பியில் எழுதினாள்.

ஒரு காலம் உண்மையாகவே சத்தம் போட்டு, பிறகு அடங்கிப்போன எழுத்துகளும் உண்டு. நைட், லைட், றைட், எயிட், டோட்டர் இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினால் ஜி-எச் என்ற சோடி வரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னர் ஆங்கிலேயர் அந்த இடத்தில் எங்கள் ஆய்த எழுத்தைப் போன்ற ஒரு தொண்டைச் சத்தம் போட்டார்கள். இரவு அவர்களுக்கு 'நிஃட்'. அஃது, இஃது என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு அதை உச்சரிப்பது பெரிய விஷயமில்லை. ஆங்கிலத்தின் நெருங்கிய உறவான ஒல்லாந்தில் அந்தச் சத்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இரவு 'நஃட்', வெளிச்சம் 'லிஃட்', மகள் 'டொஃடர்'. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் அப்படித்தான் பேசியிருப்பார்கள்.

கே-என் சோடியும் இதே கதை. முழங்கால் 'நீ', முடிச்சு 'நொட்', அறிதல் 'நோ', எல்லாவற்றிலும் கே ஊமை. ஒல்லாந்தரின் முழங்கால் 'க்நீ', முடிச்சு 'க்நோப்', அங்கே கே தெளிவாகக் கேட்கும். ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டளவில் அது ஓயத் தொடங்கியது. இதில் எங்களுக்கு ஒரு புதையல் இருக்கிறது. 'நோ'வின் கே-என், கிரேக்கத்தில் ஜி-என் என்று நிற்கும். நோயை அறிவது டயக்னோசிஸ். அதே வேர் வடமொழியில் 'ஜ்ஞா', அதில் இருந்து தமிழுக்கு வந்தது ஞானம். அறிதலும் டயக்னோசிஸும் ஞானமும் ஒரே பழைய வேரின் கிளைகள். முழங்காலும் அப்படி. வடமொழியில் அது 'ஜானு'. கை முழங்கால் வரை நீண்ட ஆளைத்தான் ஆஜானுபாகு என்றார்கள்.

கே-என், ஜி-எச் இரண்டும் ஒன்றாக வரும் சொல் ஒன்று உண்டு. போர்வீரன் என்ற கருத்துள்ள 'நைட்'. சொல்லும்போது இரவும் வீரனும் ஒரே சத்தம், எழுதும்போது வீரனுக்கு முன்னால் கே. பழைய ஆங்கிலத்தில் 'க்நிஃட்', பையன், ஏவலாள் என்று கருத்து. ஒல்லாந்தில் இன்றும் 'க்நெஃட்' என்றால் வேலையாள். நல்லூரில் இருந்த ஜோசப் நைட் என்ற பாதிரியாரின் பெயரும் இதுதான். தமிழ் அகராதி ஒன்றுக்காகச் சொற்களைத் திரட்டத் தொடங்கியவர் அவர். பலருடைய கை பட்டு, 67,000க்கும் அதிகமான சொற்களோடு 1862இல் சென்னையில் வெளியான வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதிக்கு அந்தத் திரட்டு ஒரு தொடக்கம். ஏவலாள் என்ற பெயரோடு வந்து தமிழுக்கு ஊழியம் செய்துவிட்டுப் போனார் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

கடைசியாக, வேர் என்று சொல்ல முடியாத, ஆனால் காதுக்குத் தெரிகிற ஒரு ஒற்றுமை. ஜி-எல் என்று தொடங்கும் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: குளோ, கிளீம், கிளிட்டர், கிளின்ட், கிளிம்மர், கிளெயார், கிளாஸ். எல்லாம் மினுங்குகின்றன. சந்தோஷம் என்ற 'கிளாட்' கூடப் பழைய ஆங்கிலத்தில் பிரகாசமான என்ற கருத்தில் இருந்த சொல். பசையும் கையுறையும் ஜி-எல் என்று தொடங்கினாலும் மினுங்குவதில்லை, அவை விலக்கு. எஸ்-என் தொடக்கத்தில் மூக்கு இருக்கும்: குறட்டை 'ஸ்நோர்', மோப்பம் பிடித்தல் 'ஸ்னிஃப்', விலங்கின் நீண்ட மூக்கு 'ஸ்னௌட்', மூக்குத்தூள் 'ஸ்னஃப்'. தும்மல் என்ற 'ஸ்னீஸ்' முதலில் எஃப்-என் என்று தொடங்கிய சொல். காலப்போக்கில் மற்ற மூக்குச் சொற்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது. தமிழில் மூக்கு, மூச்சு, மோப்பம், முகர்தல் எல்லாம் மகரத்தில் கூடி நிற்பதைக் கேட்ட காதுக்கு இது புதினமில்லை.

வீட்டில் எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சின்ன விஷயம். ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். நடுவில் எழுத்துக் கூட்டத்தை எழுதி வட்டம் போடுங்கள், பக்கத்தில் அதன் கருத்து. பிறகு பிஸ்கற் பெட்டி, மருந்துச் சீட்டு, பஸ் ரிக்கற், பாடப்புத்தகம் எங்கே கண்டாலும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே நாளில் நிரப்ப வேண்டாம். கிழமைக்கு இரண்டு குடும்பம் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லையாவது வசனத்தில் வைத்து எழுதுங்கள், இல்லாவிட்டால் அது கையில் நிற்காது.

வயரிங் தம்பி அடுத்த கிழமை ரேப்பைத் தேடி வந்தார். பிள்ளைதான் எடுத்துக் கொடுத்தாள். "அண்ணா, இது தீவு ரேப்" என்றாள். அவர் ஒன்றும் விளங்காமல் சிரித்துவிட்டுப் போனார். பிறகு அவள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பென் என்ற பக்கத்தில் இறகு, தூரிகை, கிட்டத்தட்ட என்று மூன்று வீடு கீறியிருந்தாள். நாலாவதாக ஒரு சொல் எந்த வீட்டுக்குள்ளும் போகாமல் வெளியே நின்றது.

"ரீச்சர், அப்பப்பாவின்ர பென்சன் எந்த வீடு?"

அகராதியை எடுத்தோம். பென்சனின் மூலம் இலத்தீனின் 'பெண்டெரே'. தொங்கவிடுதல், தராசில் நிறுத்தல், நிறுத்துக் காசு கொடுத்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கருத்து வளர்ந்த சொல். கழுத்தில் தொங்கும் 'பென்டன்ட்' என்ற பதக்கம், குடலில் தொங்கும் அப்பென்டிக்ஸ், முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் 'பென்டிங்' வேலை எல்லாம் அந்த வீடு. அவள் நாலாவது வீட்டைக் கீறி, கூரைக்குக் கீழே ஒரு தராசைத் தொங்கவிட்டாள்.